‘இந்தக் குட்டி சாகறப்ப எனக்கு என்ன வயசு இருக்கும்?’ - ஒரு குதிரைக்காரரின் கணக்கு

ஆடி மாதம் நெருங்கினாலே அந்தியூர் பக்கத்தில் குதிரை வைத்திருக்கும் வீடுகளில் பேச்சு மாறிவிடும். குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு யார் எதைக் கொண்டு வருகிறார்கள், எந்தக் குதிரை என்ன விலை சொல்கிறது என்பதுதான் டீக்கடை வரை ஓடும்.

அந்த வருடம் ஆனி கடைசியில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியது இருபது வருடப் பழக்கமுள்ள நண்பர்.

“அண்ணா, ராஜஸ்தான்ல இருந்து மார்வாரி ஒண்ணு இறக்கியிருக்கேன். ரெண்டு காதும் முனையில முட்டிக்கிட்டு நிக்குது பாருங்க... சுழியும் சுத்தம். நம்ம செவலையைக் கூட்டிட்டு வாங்க. உங்ககிட்ட காசா வாங்கப் போறேன்?”

அவருக்கு வயது 62. அப்பா குதிரை வண்டி ஓட்டியவர். வண்டி போய்விட்டது, குதிரைப் பித்து மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. ஒரு காலத்தில் லாயத்தில் ஏழு நின்றன. இப்போது மூன்று. 14 வயது செவலை, அவள் போட்ட மூன்று வயது ஆண் குதிரை சின்னவன், வெளியிலிருந்து வாங்கி வந்த ஆறு வயது கருப்பி.

போனை வைத்ததும் சிரித்த முகத்தோடு விஷயத்தைச் சொன்னார். கோபியில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு பார்க்கும் மகள், சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“எதுக்குங்கப்பா செவலைக்கு இப்ப குட்டி?”

எந்தக் குதிரைக்கு எந்தக் குதிரை, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ‘எதுக்கு’ என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

‘ஓடாது... குட்டியாவது போடட்டும்’

“அவளுக்கு முன்னங்கால் சரியில்ல கண்ணு. சவாரிக்கு ஆகமாட்டா. சும்மா நின்னு தின்னுறதுக்கு ஒரு குட்டியாவது போடட்டுமே” என்றார்.

குதிரை வளர்ப்பில் அதிகம் கேட்கும் காரணம் இதுதான். வேலைக்கு ஆகாத பெண் குதிரை, குட்டி போடவாவது ஆகும் என்பது. நியாயம் போலத்தான் தெரியும். ஆனால், அந்தக் குதிரை ஏன் வேலைக்கு ஆகாமல் போனது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

சினைக்கு விடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மகள்தான் கால்நடை மருத்துவரை வரவழைத்தாள். செவலையை நேராக நடக்கவிட்டுப் பார்த்தார், திருப்பி நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு சின்னவனையும் நடக்கவிடச் சொன்னார்.

“ஐயா, செவலைக்கு இது எப்ப இருந்து?”

“கொஞ்ச வருஷம் முன்னாடி வாய்க்கால்ல சறுக்கி விழுந்தா சார். அதுல இருந்து நொண்டுறா.”

மருத்துவர் சின்னவனின் முன்னங்குளம்பைக் காட்டினார். அது லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது. செவலையின் குளம்பும் அதே பக்கம், அதே கோணம். சின்னவன் எந்த வாய்க்காலிலும் விழுந்தவன் அல்ல.

“விழுந்த கால் குட்டிக்கு வராதுங்கய்யா. பிறந்த கால் வரும்” என்றார் மருத்துவர்.

உள்நோக்கித் திரும்பிய குளம்பில் எடை சமமாக இறங்காது. வருடக்கணக்கில் அந்த மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். செவலையின் நொண்டலுக்கு வாய்க்கால் சாக்குதான். வேர், பிறப்பிலேயே இருந்த கோணலில் இருக்கலாம் என்றார் அவர்.

இன்னொன்றும் சொன்னார். குதிரைக்குச் சினைக்காலம் கிட்டத்தட்ட 11 மாதம். பிறக்கும் குட்டியின் எடை, தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அதோடு பனிக்குட நீர், நஞ்சுக்கொடி. ஏற்கெனவே நொண்டும் காலில் கடைசி மூன்று மாதம் அத்தனை பாரமும் இறங்கும்.

நல்ல வாரிசுக் குணம் கொண்ட, ஆனால் சுமக்க முடியாத குதிரைகளுக்கு இன்று வேறு வழி இருக்கிறது. பிகானீரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மைய வளாகத்தில், கருமாற்று முறையில் வாடகைத் தாய்க் குதிரை ஒன்று 2023-ல் மார்வாரிக் குட்டியை ஈன்றது. ‘ராஜ் பிரதமா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால், செவலையின் சிக்கல் சுமப்பதில் மட்டும் இல்லையே. கொடுப்பதிலேயே இருக்கிறது.

காது சரி, கால்?

“ஆனா அந்த மார்வாரி அழகன் கண்ணு. நல்ல அப்பன் வந்தா அம்மாவோட குறை மறைஞ்சுடும்” என்று அடுத்த காரணத்தை எடுத்தார்.

உள்நோக்கி வளைந்து முனைகள் தொட்டுக்கொள்ளும் காது, மார்வாரி குதிரைக்கு அடையாளம். குஜராத்தின் கத்தியவாரிக்கும் அப்படித்தான். 1930-களில் மார்வாரி இனமே அழிவின் விளிம்புக்குப் போனபோது, ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் நல்ல குதிரைகளைத் தேடிச் சேர்த்து இனத்தை மீட்க முயன்றார். அந்த வரலாற்றைக் கொண்ட குதிரையை யார்தான் விரும்பமாட்டார்கள்?

சிக்கல், காதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் வருகிறது. அழகான காதும் ராசியான சுழியும் உள்ள குதிரைக்குக் கால் கோணலாக இருந்தாலும், கடிக்கும் குணம் இருந்தாலும், குட்டிகள் குவியும். ஒரு பெண் குதிரை வருடத்துக்கு ஒரு குட்டிதான் தர முடியும். ஒரு பொலி குதிரையோ ஒரே வருடத்தில் பல பத்துக் குட்டிகளுக்கு அப்பனாகலாம். அதன் குறை எங்கெல்லாம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் இது நடந்தது. 1969-ல் பிறந்த ‘இம்ப்ரெசிவ்’ என்ற குவார்ட்டர் இன ஆண் குதிரை, கட்டுமஸ்தான உடலுக்காக 1974-ல் உலக சாம்பியன் பட்டம் வென்றது. எல்லோரும் அதன் வாரிசு வேண்டும் என்று நின்றார்கள். அதன் வழியில் வந்த குதிரைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பிறகுதான் தெரிந்தது, அந்தத் தசையோடு ஒரு மரபணுக் குறையும் சேர்ந்து போயிருக்கிறது என்று. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென ஏறி, தசை நடுங்கி, குதிரை அப்படியே சரிந்து விழும் நோய் அது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கடைசியில், இரு பக்கமிருந்தும் அந்தக் குறையைப் பெற்று 2007 முதல் பிறக்கும் குட்டிகளைப் பதிவே செய்யமாட்டோம் என்று அந்த இனத்துக்கான சங்கம் விதி கொண்டு வந்தது.

இம்ப்ரெசிவ் ஒன்றும் மோசமான குதிரை அல்ல. அதைப் பார்த்தவர்கள் அழகோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரே பொலி குதிரை, பத்து வருடம்

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மருத்துவர் காட்டிய குளம்பு கண்ணிலேயே நின்றது. அது செவலையிலிருந்து தொடங்கியதல்ல என்பது அவருக்குத் தெரியும்.

ஏழு குதிரைகள் நின்ற காலத்தில் ‘ராஜா’ என்று ஒரு பொலி குதிரை வைத்திருந்தார். சொன்ன பேச்சு கேட்கும். பத்து வருடம் அதைத் தவிர வேறு குதிரையை லாயத்துக்குள் விடவில்லை. ராஜாவுக்குப் பிறந்த பெண் குட்டிகள் பருவத்துக்கு வந்தபோது, அவற்றையும் ராஜாவிடமே விட்டார். ‘நல்ல ரத்தம் வெளியே போகக் கூடாது’ என்பது அவர் நினைப்பு. செவலை அப்படிப் பிறந்தவள்தான். அவளுக்கு அப்பாவும் ராஜா, அம்மாவின் அப்பாவும் ராஜா.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சினை பிடிப்பது குறைந்தது. பிறந்தவை சிறுத்துப் பிறந்தன. இரண்டு குட்டிகள் சில மாதங்களிலேயே போய்விட்டன. கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார்.

ஒவ்வொரு குதிரையிடமும் வெளியே தெரியாத சில குறைகள் மரபணுவில் ஒளிந்திருக்கும். உறவில்லாத இரண்டைச் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்றின் நல்லது பெரும்பாலும் மறைத்துவிடும். தகப்பனையும் மகளையும் சேர்த்தால், அதே குறை இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடும். அரபுக் குதிரைகளில் இப்படியொரு பரம்பரை நோய் உண்டு. தாயும் தந்தையும் பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். குட்டியும் நன்றாகத்தான் பிறக்கும். ஆனால், அதற்கு நோய் எதிர்ப்பு சக்தியே இருக்காது. சில மாதங்களில் ஏதோ ஒரு தொற்றில் இறந்துவிடும். அந்தக் குறையைச் சுமக்கும் இரண்டு சேர்ந்தால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்த விதி. இன்று பரிசோதனையில் இதை முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

“அப்ப யாரும் சொல்லலையே கண்ணு” என்றார் மகளிடம். மகள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ‘செவலை - அப்பா: ராஜா, அம்மாவின் அப்பா: ராஜா’ என்று எழுதினாள். அந்த வீட்டில் குதிரைகளுக்கு வம்சக் கணக்கு தொடங்கியது அன்றுதான்.

மார்க்கோ போலோ கண்ட கோணல் கால்

கோணல் காலுக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல் வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்கியதையும், அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போனதையும் குறிப்பிடுகிறார். உயர்ந்த ஆண் குதிரையையும் உயர்ந்த பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். குதிரைக்கு இறைச்சியும் சோறும் சமைத்துப் போட்டதாக அவர் குறிப்பு சொல்கிறது.

இன்றைய அறிவோடு பார்த்தால் தீவனம்தான் முதலில் கண்ணில் படும். எத்தனை நல்ல ரத்தமாக இருந்தாலும், எலும்பு தீவனத்திலிருந்துதான் வர வேண்டும்.

அவருடைய லாயத்திலும் தவிடுதான் பிரதானம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதையே நம்பியிருந்தால், உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கொழுக்கட்டைப் புல், நேப்பியர் போன்றவற்றில் உள்ள ஆக்சலேட், இருக்கும் கால்சியத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாடு சமாளித்துவிடும், குதிரைக்குக் கஷ்டம். சினைக் குதிரைக்கும் வளரும் குட்டிக்கும் இன்னும் கஷ்டம்.

“குதிரைமசால்னு பேரு வெச்சதே உங்களுக்காகத்தாங்கய்யா. அதைப் போடுங்க. தாது உப்பையும் சேருங்க” என்று மருத்துவர் சிரித்தார். கால்சியம் நிறைந்த அந்தப் பசுந்தீவனத்துக்குக் கிணற்றோரம் பாத்தி கட்டப்பட்டது.

மலையில் பார்த்த குட்டி

மூன்றாவது காரணம் ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சொன்னவர் அவர் மனைவி. “ஏனுங்க, போன குட்டி வித்த காசுலதானே வீட்டுக்கு ஓடு மாத்தினோம்?”

அப்போதுதான் மகள் அதைச் சொன்னாள். இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

செவலையின் மூத்த குட்டியை ஒரு வயதிலேயே சந்தையில் விற்றிருந்தார்கள். நெற்றியில் பிறை போல வெள்ளை. தோழிகளோடு ஒரு மலை ஊருக்குச் சுற்றுலா போன இடத்தில், ஆட்களை ஏற்றிச் சுற்றும் குதிரைகளுக்கு நடுவே அந்தப் பிறையை அவள் பார்த்தாள். விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. சேணத்துக்கு அடியில் புண். முன்னங்கால் உள்பக்கம் திரும்பி, நொண்டி நொண்டி நடந்தது.

“பேரு சொல்லிக் கூப்பிட்டேங்கப்பா. காதைத் திருப்புச்சு. என் குரலுக்கா, பேருக்கான்னு தெரியல. அடுத்த ஆளு ஏறிட்டாங்க, போயிடுச்சு.”

யாரும் பேசவில்லை.

இந்தியாவில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கும் அதிகமாக இருந்த குதிரைகள், 2019 கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. ‘குறைகிறதே, அப்படியானால் நிறைய குட்டி எடுக்க வேண்டாமா?’ என்று தோன்றும். நாட்டு இனங்கள் காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால், குதிரைக்கான வேலையும் இடமும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. நல்ல காலும் நல்ல குணமும் உள்ள குதிரைக்கு நல்ல வீடு கிடைக்கும். நொண்டும் குதிரை கைமாறிக் கைமாறி எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் மகள் மலையில் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு குதிரை 25, 30 வருடம் இருக்கும். அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

“இப்ப சினையானா, குட்டி பொறக்கறப்ப எனக்கு 63. அது சாகறப்ப எனக்கு என்ன வயசு இருக்கும்? எங்கப்பாவே எழுபதுல போயிட்டார்.”

பிறகு மகளைப் பார்த்தார். “நீ பார்த்துக்குவியா?”

“கல்யாணம் ஆகி எங்க போறேனோ... சத்தியம் பண்ண மாட்டேங்கப்பா” என்றாள். அந்த வீட்டில் அன்று பேசப்பட்டதிலேயே நேர்மையான பதில் அதுதான்.

‘காயடிக்கிறதா?’

செவலைக்கு இனிக் குட்டி வேண்டாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். சின்னவன் விஷயம்தான் கடினமாக இருந்தது. தாயின் குளம்பு அவனுக்கும் வந்திருக்கிறது. பொலியாக நின்றால் அவன் குட்டிகளுக்கும் போகும். ஆண்மை நீக்கம் செய்துவிடுங்கள் என்றார் மருத்துவர்.

“மாட்டுக்குக் காயடிக்கலாம் சார். குதிரைக்கா? ஊரு என்ன சொல்லும்?”

மாட்டுக்கு அதைச் செய்தவர்கள்தான் நம் ஊர்க்காரர்கள். நல்ல காளையைப் பொலிக்கு நிறுத்திவிட்டு, மற்றதை ஏருக்கும் வண்டிக்கும் பழக்கினார்கள். காயடித்த காளையை யாரும் கேவலமாகப் பார்த்ததில்லை. குதிரை என்றதும் மட்டும் நம்முடைய வீம்பு குறுக்கே வந்து நிற்கிறது. உண்மையில், காயடித்த குதிரை சாந்தமாகும். மற்ற குதிரைகளோடு சேர்ந்து மேயலாம். தனியே கட்டிப்போட்டு வாழ்நாளைக் கழிக்க வேண்டியதில்லை.

பத்து நாள் யோசித்துச் சம்மதித்தார். கூட்டத்தை மேம்படுத்துவது என்றால் புதிதாக ஒன்றைக் கொண்டு வருவது என்றுதான் அவர் 40 வருடமாக நினைத்திருந்தார். எதற்குக் குட்டி வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அதில் பாதி என்பது இப்போதுதான் பிடிபட்டது. வாரிசிலிருந்து ஒதுக்குவது, லாயத்திலிருந்து ஒதுக்குவது அல்ல. செவலைக்கு அதே இடம், அதே தொட்டி.

கருப்பி மட்டும் பாக்கி. நேரான கால், நிதானமான குணம், ராஜா வம்சத்தோடு உறவில்லை. அவளுக்கு நண்பரின் மார்வாரியையே கேட்கலாம் என்று போனார். போனவர், ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டச் சொன்னார்.

“என்னண்ணா, என்னை நம்பலையா?” என்றார் நண்பர்.

நம்பிக்கை வேறு, கிளாண்டர்ஸ் வேறு. குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடிய அந்த நோய் உறுதியானால், சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியிருக்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்த குதிரைக்குச் சான்று கேட்பது அவமானப்படுத்துவது ஆகாது. நண்பர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆடிக்கு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கருப்பியும் அந்த வருடம் சினைக்குப் போகவில்லை.

குட்டி எடுக்கும் முன்...

* தாய், தந்தை இரண்டின் கால், குளம்பு, பல் வரிசை, குணம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நிறம், காது, சுழி எல்லாம் அதற்குப் பிறகு.
* இரு பக்கமும் குறைந்தது இரண்டு தலைமுறை விசாரியுங்கள். எழுதி வையுங்கள்.
* கிளாண்டர்ஸ் உள்ளிட்ட தொற்றுநோய்ப் பரிசோதனை இல்லாமல் சேர்க்காதீர்கள்.
* பெண் குதிரை வளர்ந்து முடியட்டும். ஒன்றரை வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும் என்றாலும், மூன்று, நான்கு வயது வரை பொறுங்கள்.
* சேர்த்த 14 முதல் 16 நாள்களுக்குள் ஸ்கேன் அவசியம். குதிரைக்கு இரட்டைக் கரு ஆபத்து. இந்த நாள்களில் தெரிந்தால் மருத்துவர் ஒன்றை மட்டும் தக்கவைக்க முடியும்.
* குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும்.
* காயடித்த குதிரையை ஒரு மாதத்துக்கு மேல் பெண் குதிரைகளிடமிருந்து பிரித்தே வையுங்கள்.
* விற்றால், ‘மறுபடி விற்பதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று எழுதி வாங்குங்கள்.

சந்தையில் ஒரு கேள்வி

ஆடியில் அவர் வழக்கம்போல் சந்தைக்குப் போனார். இந்த முறை விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. சட்டைப் பையில் அந்த நாற்பது பக்க நோட்டு இருந்தது.

வெள்ளை வெளேர் என்று ஒரு குதிரையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. காதைத் தடவிப் பார்த்தார்கள், சுழியைத் தேடினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அவர் குனிந்து குளம்பைப் பார்த்தார். நடக்கவிடச் சொல்லிப் பார்த்தார். பிறகு விற்க வந்த இளைஞனிடம் கேட்டார்.

“தம்பி, இதோட அம்மா எங்க இருக்கு? எப்படி நடக்கும்?”

இளைஞன் முழித்தான். “யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க” என்றான்.

“நானும் கேட்டதில்ல. இனிமே கேட்பேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த குதிரையிடம் நகர்ந்தார்.